பில் எண் நாற்பத்தேழு

வேலையை விட்ட பதினோராவது நாள்
முதல் போணி.
புகையூட்டிய சிறுமீன் டப்பாவுக்கு
மூடிப்படம் வேண்டுமாம் சிகுர்ட்ஸுக்கு.
இரண்டு மீன், கொஞ்சம் கடல், நீல எழுத்து.
வரைந்து அனுப்பினேன்.
பிடித்திருக்கிறது, பில் அனுப்பு என்றார்.

எண் என்ற கட்டத்தில்
1 என்று அடித்தேன்.
வெள்ளைத் தாளில் அது
கடைசிப் பேருந்து போன பிறகும்
நிறுத்தத்தில் நிற்கிற ஆள் போல நின்றது.
அழித்தேன்.
கதவைப் பார்த்தேன். வீட்டு எண் 47.
அதையே அடித்தேன்.
ஒரே சொடுக்கில் எனக்கு
நாற்பத்தாறு பழைய வாடிக்கையாளர்கள்.

பணம் வர அறுபத்து மூன்று நாள்.
அதுவரை ரீகாவின் குளிரில்
கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு,
ஹீட்டரை இரண்டுக்கு மேல் திருகாமல்,
கறுப்பு ரொட்டியை மெல்லிசாய் நறுக்கியபடி
'ஒரு சின்ன நினைவூட்டல்' என்பதை
எட்டு விதமாய் எழுதிப் பார்த்தேன்.
கேட்பதற்கும் கெஞ்சுவதற்கும் நடுவே
சில சமயம்
ஒரு காற்புள்ளிதான் இருக்கிறது.

வேலை வராத இரவுகளில்
அந்த நாற்பத்தாறு பேரும் வருவார்கள்.
ஒன்பதாம் பில்,
தௌகாவா ஆற்றின் பனிக்கட்டிக்கு
முகவரி அட்டை. ஏப்ரல் வரை செல்லும்.
பதினேழு,
மழை நாளில் மட்டும் திறக்கிற
குடைக்கடைக்குப் பெயர்ப்பலகை.
முப்பத்தொன்று, யாரும் எழுதாத நாவலுக்கு அட்டைப்படம்.
மூன்று முறை திருத்தச் சொல்லிவிட்டு
முதலில் வரைந்ததே தேவலை என்றார்
அந்த இல்லாத ஆசிரியர்.
கற்பனையிலும் எனக்கு
நல்ல ஆள் வாய்க்கவில்லை.

எல்லாவற்றையும் வரைந்தேன்.
நேரம்தான் கொட்டிக் கிடந்ததே.
அந்தக் குடைக்கடையைப் பார்த்துவிட்டுத்தான்
தாலிவால்டிஸ் என்ற பதிப்பாளர் கூப்பிட்டார்.
இது எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டார்.
மழை வந்தால் சொல்கிறேன் என்றேன்.
பில் எண் 48.
அப்புறம் ஒரு பொம்மை நாடகச் சுவரொட்டி,
ஒரு பல் மருத்துவரின் நாட்காட்டி,
பணமே தராத ஒரு தேன் கம்பெனி.

மூன்றாம் வருடம் வரி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வெல்டா என்று பெயர்ப்பட்டை.
"எண்கள் வரிசையாக இருக்க வேண்டும், விஸ்மா.
முதல் நாற்பத்தாறு எங்கே?
வருமானத்தை மறைத்தீர்களா?"

"இல்லை.
வருமானம் இல்லாததை மறைத்தேன்."

பேனா நின்றது.
"எதற்காக?"
"ஒன்று என்று போட்டால் பேரம் பேசுவார்கள்."
"நாற்பத்தேழு போட்டதும் பேசவில்லையா?"
"பேசினார்."
"அப்புறம் என்ன," என்றபடி
விளக்கத்தாள் ஒன்றைத் தள்ளினார்.
காரணம் என்ற இடத்தில்
வெட்கம் என்று எழுதிக் கொடுத்தேன்.
முத்திரை குத்தினார்,
அந்தச் சொல்லின் மேல் படாமல்
சற்றுத் தள்ளி.

ஜனவரியில் அபராதக் கடிதம் வந்தது.
சின்னத் தொகைதான்,
இரண்டு மீனும் கொஞ்சம் கடலும்.
வலது மூலையில்
புது வருடத்தின் கடித எண்: 1.
அவ்வளவு பெரிய அரசாங்கம்.
கூச்சமே இல்லை அதற்கு.

நேற்று சிகுர்ட்ஸ் பேசினார்.
டப்பா நன்றாகப் போகிறதாம்.
மீன்தான் சற்று சோகமாக இருக்கிறதாம்.
"சிரிக்கிற மாதிரி பண்ணிவிடேன்,
சின்ன வேலைதானே."

செத்த மீனைச் சிரிக்க வைக்கத்
தனிக் கட்டணம் என்றேன்.
தொகையையும் சொன்னேன்.

மறுமுனையில் மௌனம்.
வழக்கமாக இந்த இடத்தில்
நானே குறைத்துவிடுவேன்.

ஜன்னலுக்கு வெளியே
டிராம் ஒன்று கிறீச்சிட்டுத் திரும்பியது.
கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே
ஹீட்டரை மூன்றுக்குத் திருகினேன்.