பன்னிரண்டாவது பெயர்

பிப்ரவரியில் டுலூத் நகரில் ஏரிகூடப் பேசாது.
மேசைமேல் நூற்று அறுபத்து மூன்று விண்ணப்பங்கள்,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தலைவர்.
விவாத மன்றத்துக்குத் தலைவர், ஹாக்கி அணிக்குத் தலைவர்,
தேனீ வளர்ப்போர் கழகம் ஒன்றுக்கு
நிறுவனர், தலைவர், பொருளாளர்,
ஒரே உறுப்பினரும் அவளே.
காபி ஆறி, கண் எரிந்து,
நானும் டோரியும் பன்னிரண்டு பேராகக் குறைத்தோம்.

பன்னிரண்டாவது, நோலன் ஹியெட்டாலா.
"நீ தலைமை தாங்கிய ஒரு தருணத்தை விவரி"
என்ற கேள்விக்கு நான்கே வரி எழுதியிருந்தான்:
உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போன இடத்தில்
பனி விரிசல் விட்டது.
பெரியவர்கள் மூன்று பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.
நான் ஏணியைப் படுக்கப் போட்டு அதன்மேல் ஊர்ந்தேன்.
பிறகு அவர்களும் ஊர்ந்தார்கள்.
டோரி இரண்டு முறை வாசித்தாள்,
இரண்டாம் முறை சத்தமாக.

கடிதம் போனது
நோயல் ஹியெட்டாலாவுக்கு.

அட்டவணையில் அடுத்தடுத்த வரி.
விரல் ஒரு கட்டம் மேலே நழுவியிருக்கிறது. என் விரல்.
சொந்தக்காரர்கள்கூட இல்லை அவர்கள்,
வேறு வேறு பள்ளி, பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.

ஜூன் மாதம் டை கட்டிக்கொண்டு வந்தான் நோயல்.
மூன்றாம் வாரம், கரையில் நெருப்பு மூட்டிய இரவு,
"அந்த ஏணிக் கதையைச் சொல்லேன்" என்றேன்.
"எந்த ஏணி?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
வேறு யாரையோ நினைத்துவிட்டேன் என்றேன்,
அது உண்மைதான்.

அன்றிரவே அலுவலகம் திறந்து கோப்பை எடுத்தேன்.
நோயல்: பத்துக்கு ஆறு.
ஓரத்தில் டோரியின் பென்சில்: நல்ல பையன். அவ்வளவுதான்.

மோசமாக நடந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.
பிரமாதமாக நடந்திருந்தால் அதைவிட வசதி,
விதி என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.
அவனோ அப்பத்தைக் கருக்கினான்.
மாதிரி நகரசபையில் பேருந்துக் கட்டணத்துக்காக
தோ கெர் வாங்கோடு மோதி, ஏழுக்கு ஐந்தில் தோற்று,
இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.
மூன்றாம் நாள் அவனுக்கே வாக்கு எண்ணிக் கொடுத்தான்.
அவ்வளவுதான். நல்ல பையன்.

நன்கொடையாளர் விருந்தில் திருமதி ஓஸ்டர்கார்ட்
"ஆளைப் பார்த்ததும் எடைபோடும் கண் உங்களுக்கு" என்றார்.
நான் மீனில் முள் தேடினேன்.
அது முள்ளெடுத்த மீன்.

டோரியிடம் சொல்லவில்லை.
புதிய விதி மட்டும் கொண்டுவந்தேன்:
பெயருக்குப் பக்கத்தில் எண், இருவர் சரிபார்க்க வேண்டும்.
"திடீரென்று ஏன்?" என்றாள்.
"நல்ல பழக்கம்" என்றேன்.

அக்டோபரில், வடக்கே போகும் சாலையில்
பெட்ரோல் போட நிறுத்தினேன்.
கண்ணாடியைத் துடைக்க வந்தவன் சட்டையில் பெயர்ப்பட்டை.
ஐந்து எழுத்து ஆங்கிலத்தில். இரண்டு முறை எண்ணினேன்.
காரின் பின்பக்கச் சின்னத்தைப் பார்த்துவிட்டு,
"அங்கேயா வேலை? நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்" என்றான்,
வருத்தம் என்று எதுவும் இல்லாமல்,
லாட்டரிச் சீட்டைப் பற்றிச் சொல்வதுபோல.
சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது.
"டேங்க் நிறைய" என்றேன்.
இருபது டாலர் டிப்ஸ் கொடுத்தேன்.
அந்த இருபதை நினைத்தால்தான்
இன்னமும் காது சூடாகிறது.

இப்போது நோயலுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும்,
கல்லூரிக்கு, வெள்ளிக்கிழமைக்குள்.
எழுதிவிட்டேன்.
பொறுமை, தோல்விக்குப் பின் திரும்பி வருதல்,
வாக்கு எண்ணிய கை, எல்லாம் கண்ணால் கண்டது.
முதல் வரியை மட்டும் நான்கு முறை அழித்தாயிற்று:
"நூற்று அறுபத்து மூன்று பேரிலிருந்து
இவரை நாங்கள் தேர்ந்தெடுத்தோம்."

வெளியே தாது ஏற்றிய கப்பல் ஒன்று
பாலம் தூக்கச் சொல்லி ஊதுகிறது.
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.
பாலம் தூக்கும் வரை
இரு பக்கமும் கார்கள் நிற்கும்.
நான் இரண்டாம் வரியிலிருந்து தொடங்கிப் பார்க்கிறேன்.