இந்த வாரம் இரவு ஷிஃப்ட்

ஆட்குறைப்புக் கடிதத்தில்
என் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.
பதினெட்டு வருஷமாய்ச் சம்பளச் சீட்டில்
விட்டுப்போன இரண்டாவது எல்
அன்றைக்கு வந்திருந்தது.
லோகவல்லி. முழுசாக.

பாயான் லெப்பாஸில் என் வேலை
நுண்ணோக்கிக்குள் குனிந்து
அரை நகமளவுச் சில்லில்
கீறல் உண்டா என்று பார்ப்பது.
இருந்தால் சிவப்புத் தட்டு,
இல்லையென்றால் பச்சை.
நான் காரணம் சொன்னதில்லை
சில்லும் கேட்டதில்லை.

இப்போது ரெலாவில், பதினோராம் மாடியில்,
துவரம்பருப்பைத் தட்டில் பரப்பிப் பார்க்கிறேன்.
குளியலறை ஓட்டில் ஒன்று கண்டுபிடித்தேன்,
சோப்பு வைக்கும் இடத்துக்குக் கீழே.
"பரவாயில்லை, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்று
குணசீலன் சொன்னதில்
"கொஞ்ச"த்துக்கும் "நாளு"க்கும் நடுவே
முடியளவு ஒன்று.

மகள் பள்ளிப் படிவம் நிரப்பினாள்.
தாயின் தொழில் என்ற கட்டத்தில்
பழைய கம்பெனியின் பெயரை எழுதி
கையால் மறைத்துக்கொண்டாள்.
கண்டுபிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.
பார்க்காதது போலிருக்க
நாற்பத்தாறு வயதில் பழகுகிறேன்.

சொக்சோ அலுவலகத்தில் என் எண் 4071.
முகப்பிலிருந்த பெண் கேட்டாள்:
என்ன திறமை, ஆன்ட்டி?
பார்ப்பேன் என்றேன்.
என்ன பார்ப்பீங்க?
அவள் சட்டையில் மூன்றாவது பொத்தான்
வேறு நிற நூலில் தைத்திருந்தது.
சொல்லவில்லை.

குளிர்ப்பெட்டிக் கதவில்
ரோஸ்டர் இன்னும் ஒட்டியிருக்கிறது,
டிசம்பர் வரைக்கும் அச்சடித்தது.
காலை, மாலை, இரவு.
வாரம் மாறும்போது நானும் மாறுகிறேன்.
நாளைக்கு என்ன செய்வதென்று தெரியாதவளுக்கு
எப்போது தூங்குவதென்றாவது தெரிகிறது.
குணசீலனிடம் தூக்கம் வரவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இரவு மூன்று பத்துக்கு இருபது நிமிஷ இடைவேளை.
மைலோ கலக்கி ஜன்னலோரம் நிற்கிறேன்.
எதிலிருந்து இடைவேளை என்று கேட்காதீர்கள்.
தூரத்தில் தொழிற்சாலை விளக்குகள்
நானில்லாமலும் அதே வெளிச்சம்.
முதல் மாதம் அது எரிச்சலாக இருந்தது.
இப்போது எண்ணுகிறேன்,
மூன்றாவது கட்டடத்தில் ஒன்று எரியவில்லை.

இருபத்திரண்டாம் நிமிஷம் உள்ளே வந்தால்
சியூ லிங், எங்கள் லைன் லீடர்,
ஒரு வார்த்தை பேசமாட்டாள்.
கைக்கடிகாரக் கண்ணாடியை நகத்தால் தட்டுவாள்.
டக். டக்.
அந்தச் சத்தத்துக்கு இன்னமும்
மைலோவை வேகமாகக் குடித்துவிடுகிறேன்.

போன புதன்கிழமை பசார் மாலாமில்
அவளைப் பார்த்துவிட்டேன்.
என்ன சொல்வது? லீவு என்றா?
அவித்த கடலை விற்பவரின்
ஆவிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.
அங்கே ஏற்கெனவே ஒருத்தி
முதுகு காட்டி நின்றாள்.
அவள்தான்.

ஏப்ரலில் நிறுத்தினார்களாம்.
என்னைப் பார்த்ததும் ஒளிந்தாளாம்.
இருவரும் பெரிய அக்கறையாகக்
கடலையின் விலை கேட்டோம்.
மூன்று வெள்ளி என்றார், இரண்டு முறையும்.

அவள் கண்ணுக்குக் கீழே கருமை.
பழக்கம், பார்த்துவிட்டேன்.
தூங்கலையா?
அவள் மலாயில், தாழ்ந்த குரலில்,
ஏதோ திருடியதை ஒப்புக்கொள்வது போல் சொன்னாள்:
"இந்த வாரம் இரவு ஷிஃப்ட் இல்லையா."

கடலைப் பொட்டலம் சூடாக இருந்தது.
அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு
சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

நேற்று மூன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது.
அவள் ஒரு பாவ் கடையில் கேட்டிருக்கிறாளாம்,
பதில் இல்லை.
நான் ஓட்டுக் கீறலைச் சொன்னேன்.
அவள் வீட்டிலும் இருக்கிறதாம், அடுப்புக்குப் பக்கத்தில்.
பிறகு பேச ஒன்றுமில்லை.
இரண்டு பேரும் வைக்கவுமில்லை.

மூன்று முப்பத்தைந்து.
காதை அழுத்திக் கேட்டேன்.
தட்டுகிற சத்தம் வரவில்லை.