எ என்பது ஏழு

பத்மநாபபுரம் கோர்ட் உத்தரவைப் பையில் வைத்து
டேப்பும் சர்வேயருமாகப் போனேன்,
கடையாலுமூட்டுக்குக் கிழக்கே, மலை இறங்கி முடியும் சரிவுக்கு.
வாதி எஸ்றா. ஒன்றாம் பிரதிவாதி, தம்பி ஏசுவடியான்.
இரண்டாம் பிரதிவாதி ஜெபக்கனி,
வக்கீல் வைக்கவில்லை.

கட்டியவன் சரிவை வெட்டி நிரப்பவில்லை.
சரிவையே கணக்கில் எடுத்துக்கொண்டான்.
கீழே தொழுவம்.
மாட்டின் மூச்சுக்கு மேலே நெல்லறை, பலாப்பலகை நிரைத்தது,
பூட்டு பலகைக்குள்ளேயே ஓடுகிறது.
அறையைச் சுற்றித்தான் சாய்ப்பு, ஆட்கள் படுக்க.
நெல்லுக்கு நடுவிடம், மனிதருக்கு ஓரம்.
இப்போது நெல் இல்லை.
மச்சில் ரப்பர் ஷீட் தொங்குகிறது,
அடுக்களைப் புகை ஏறி ஏறித்
தேன் நிறமாகும்வரை.

கூரை தாழ்ந்து வந்து நெற்றியைக் கேட்கும் வீடு.
நான் குனிந்தேன். சர்வேயர் குனியவில்லை.
அந்த வீக்கம் அறிக்கையில் சேராது.

மல்லாந்து பார்த்து எண்ணினேன்.
அயினிக் கழுக்கோல் முப்பத்தாறு.
இரும்பாணி ஒன்றுமில்லை.
கோல்களின் வயிற்றைத் துளைத்து ஒரே வளை போகிறது,
மீன்காரி ஓலை ஈர்க்கில் அயிலை கோத்த மாதிரி.
ஒவ்வொரு கோலின் தலைமாட்டிலும் ஓர் உளிக்கீறல்:
க. உ. ங. ச.

"எழுத்து பாத்தீரா?" என்றார் எஸ்றா.
"இன்னா எ. எனக்க பேரு.
அப்பமே எழுதி வச்சாச்சு."
ஏசுவடியான் டார்ச்சைப் பிடுங்கி ஏ தேடினார்.
முப்பத்தாறிலும் ஏ இல்லை.
எ-க்கு அடுத்தது அ.
"அ ஆருக்க?"
"அ எண்ணா அண்ணன். அதும் நான்தான்."

எ என்பது ஏழு என்றேன்.
அ எட்டு. பழைய இலக்கம்.
இந்த வீடு இங்கே பிறந்ததில்லை.
பேச்சிப்பாறையில் அணை எழும்பியபோது
தண்ணீருக்கு முன்னால் கழற்றி,
வண்டியில் அடுக்கி, ஏற்றம் ஏற்றி,
இந்தச் சரிவில் மறுபடி கோத்திருக்கிறார்கள்.
வரிசை தப்பாமலிருக்கத் தச்சன் எண் போட்டான்.
பேர் போடவில்லை,
தன் பேரைக்கூட.

கொஞ்சநேரம் மாடுதான் பேசியது.

பிறகு எஸ்றா: "அப்பம் ஒற்றை எனக்கு, இரட்டை அவனுக்கு."
விரல் மடக்கிப் பார்த்துத் தலையாட்டினார் தம்பி.
பதினெட்டு, பதினெட்டு.
மூன்று வருஷ வழக்கில் முதல் உடன்பாடு.
மோந்தாயம் ஒன்றுதானே என்றேன்.
அறுக்கலாம் என்றார்கள், இருவரும் ஒரே குரலில்.

மூன்றாவது பங்கு?
உறைந்த ரப்பர்ப்பாலை டிஷ்ஷிலிருந்து கவிழ்த்துக்கொண்டே
ஜெபக்கனி சொன்னாள்:
"கோலுக்கும் கோலுக்கும் எடையில உள்ளது எனக்கு.
எழுதிக்கிடும்."
சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.
எழுதிக்கொண்டேன்.
சாய்வுக்குக் கோல் பதினெட்டு என்றால் இடைவெளி பதினேழு.
சாய்வு இரண்டு. மொத்தம் முப்பத்துநான்கு.
ஒவ்வொன்றும் இரண்டு சாண் அகலம்,
ஓடு இருக்கும்வரை இருட்டு, அப்புறம் வானம்.

கையெழுத்து வாங்கும் நேரத்தில்தான்
பத்தொன்பதாம் கோல் இல்லையென்று தெரிந்தது.
ஓகியன்று ஒடிந்ததாம், பக்கத்துத் தோட்டத்து மரம் விழுந்து.
அந்த இடத்தில் செத்திய கமுகு, கயிற்றுக் கட்டு.
உளி படவில்லை. எண்ணும் இல்லை.
ஆர் வைத்தது?
ஜெபக்கனி நிமிராமல் கையை மட்டும் தூக்கினாள்.

பத்தொன்பது ஒற்றை.
எஸ்றா வேண்டாமென்றார், செதல் பிடிக்கும் சாதனம்.
ஏசுவடியானும் வேண்டாமென்றார்,
கேட்பதற்கு முன்னாலேயே.

டேப்பின் நுனியைச் சர்வேயர் பிடித்தார்.
பதினாலடி இரண்டு இஞ்ச்.
குறிப்பு: கமுகு, ஒன்று. சற்று வளைந்துள்ளது.
அவ்விடத்து ஓட்டுப் பாரம் அதன்மேல்.
உரிமை கோருவோர்: