பதினேழாம் எண்

அரௌசா கழிமுகத்தில் செவ்வாய்க்கிழமை மழை.
தைலமரச் சட்டங்கள் பிணைத்த மிதவையில் நின்று
பல்பீனோ ஒரு வடத்தை மேலே இழுத்தார்.
பன்னிரண்டு மீட்டர் கறுப்பு,
சொட்டச் சொட்ட வந்தது.
இருபது சிப்பி போதும் என்றேன்.
வாளி நிறையக் கொடுத்து,
மீதியைச் சமை, பிரிஞ்சி இலை மறக்காதே என்றார்.

ஓட்டை நெம்பினால்
ஆரஞ்சுச் சதை பெண்.
வெளிறிய வெண்ணெய் நிறம் ஆண்.
இதற்குக் கண் போதும்.
கருவி வேண்டுவது அடுத்ததற்கு.

மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலும் அம்மா சொத்து.
திமிங்கிலத்துக்கும் மத்திக்கும் எனக்கும்
உயிரணுவின் அடுப்பில் தாய் வைத்த நெருப்பு.
தந்தையுடையது வாசலோடு சரி.

சில சிப்பிகள் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.
விந்தணு ஒன்றில் ஐந்து மணிகள்.
மகளாகப்போகும் கருவில் ஐந்தும்
ஆளுக்கொரு மூலையாய்ச் சிதறித் தொலைகின்றன.
மகனாகப்போகும் கருவிலோ
ஒன்றையொன்று விடாமல் ஒட்டிக்கொண்டு,
பிளவுக்குப் பிளவு சேர்ந்தே நகர்ந்து,
ஓர் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கின்றன.
அவனுடைய செவுளும் காலும் மூடுதசையும் அம்மா.
விதைப்பை மட்டும் அப்பா.

என் பெயர் லொயைரா பதீன் பெசாதா.
அம்மா எர்மீத்தாஸ் பதீன் பெசாதா.
அப்பா கட்டம் காலியாயிருந்தால்
குடும்பப்பெயர் இரண்டும் தாயிடமிருந்தே இறங்கும்.
தபால்காரர் எங்களை
அக்கா தங்கை என்றே நினைத்திருந்தார்,
நாங்களும் திருத்தவில்லை.

பதினேழாம் எண் ஆண். ஐயமில்லை, வெண்ணெய் நிறம்.
அதன் விதைப்பையில் தாய்வழி எழுத்து வந்தது.
கை தவறியிருக்கும் என்று கிண்ணத்தை மாற்றினேன்.
கரைசலைப் புதிதாய்க் கலந்தேன்.
வியாழன் இரவு மூன்றாம் முறை.
அதே எழுத்து.

நடப்பதுண்டு, அரிதாக.
தாயின் இழை ஒன்று எப்படியோ
அப்பாவின் அறைக்குள் புகுந்துவிடும்.
அங்கேயே குடியிருந்து
அப்பா வேலையைப் பார்க்கும்.
மகனுக்கு மகன் அதுவே கைமாறும்.
வெகுகாலம் தனியே ஓடி
தனக்கென்று எவ்வளவோ எழுத்துகளை மாற்றிக்கொண்ட
பழைய தந்தைவழி
அந்தக் கிளையில் அத்தோடு நின்றுவிடும்.
யாரும் துக்கம் கேட்க வருவதில்லை.

மீதிச் சிப்பிகளை ஆவியில் திறந்தேன்.
தகர மீன் ஆலையில் எட்டு மணி நேரம் நின்ற கால்களை
நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு
அம்மா ஆரஞ்சாகப் பார்த்துப் பொறுக்கினாள்,
ருசி அதில்தான் என்பாள்.
பதினேழைப் பற்றிச் சொன்னேன்.
ஓட்டிலிருந்த நீரை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்:
"அவனுக்குத் தெரியுமா?"

எவனுக்கு என்று நான் கேட்கவில்லை.
எலுமிச்சையை அவள் பக்கம் நகர்த்தினேன்.