பிடிக்குள் இருப்பது

மஞ்சப்பையில் பணத்தோடு வந்திருக்கிறீர்கள்.
முதலில் அதை மேசையிலிருந்து எடுங்கள்.
வாள் விற்கிறவர் கண்ணில் அது படக்கூடாது,
என் கண்ணிலும்தான்.

முத்தியால்பேட்டை பல் கிளினிக்கில்
எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
எனக்கும் ஜப்பானுக்கும் என்ன ஒட்டு என்று
கேட்காதீர்கள். தெருவே கேட்டு ஓய்ந்துவிட்டது.

கதையை வாங்காதீர்கள்,
இந்த ஊரில் அது மலிவு.
சைகோனில் சொல்தாவாக இருந்த மாமனார்,
சரணடைந்த அதிகாரி,
ஒரு பெட்டி சிகரெட்டுக்குக் கைமாறிய வாள்,
எண்ணூறு வருடம், பதினேழு தலை.
துய்மா வீதியில் வீட்டுக்கு வீடு இதே கதைதான்,
தலைக் கணக்கு மட்டும் மாறும்.
சிலது உண்மையாகவும் இருந்துவிடும்.
அதுதான் ஆபத்து.

வெட்டுவாய் மேலே பார்க்க உருவுங்கள், மெதுவாக.
அலகில் விரல் படவேண்டாம்.
கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிய கை
ஒரே இரவில் தன் ரேகையைத்
துருவாய்ப் பதித்துவிடும்.

வீசிப் பார்க்காதீர்கள்.
வருகிற ஆண்கள் எல்லாரும் ஒருதடவை வீசுகிறார்கள்.
காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் ஒருவர் வீசியதில்
பக்கத்துக் கடை நைட்டி இரண்டானது.
கூர்மைக்கு அது சாட்சி,
வயதுக்கு இல்லை.

டியூப் லைட்டை அணைத்துவிட்டு
ஒற்றை பல்பின் கீழ் சாயுங்கள்.
விளிம்போரம் ஒரு வெண்கோடு ஓடும்.
சாய்க்கச் சாய்க்க அது
மூச்சு பட்ட கண்ணாடிபோல் புகைந்தால்
இன்னும் கொஞ்சம் பேசலாம்.
எப்படிச் சாய்த்தாலும் கோலப்பொடிபோல்
அப்படியே கிடந்தால்
அமிலம் போட்ட கோடு அது,
நெருப்பு போட்டதில்லை.

பிறகு பிடியைக் கழற்றச் சொல்லுங்கள்.
ஒரே ஒரு மூங்கில் ஆணி.
மாட்டேன் என்றால்
கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.
பல் எத்தனை வெள்ளையாய்ச் சிரித்தாலும்
நான் வேரைத்தான் படமெடுப்பேன்.

காம்பில் வரிசை எண் குத்தியிருந்தால்
போருக்கென்று ஆலையில் அடித்துத் தள்ளியது;
வாங்கலாம், அதற்குரிய விலைக்கு.
பெரிய பெயர் வெட்டியிருந்தால்
இன்னும் பயப்படுங்கள்.
பட்டத்தைத் தானே போட்டுக்கொள்கிறவர்கள்
அங்கேயும் இருந்திருக்கிறார்கள்,
கட்-அவுட்தான் வைக்கவில்லை.

மதாம் கிளெமான்ஸ் சவரிராயன்
மறுக்கவில்லை, கழற்றிக் காட்டினார்.
கரிச்சட்டி அடிபோல் கறுத்த காம்பு.
பாதி துரு தின்ற எழுத்துகள்.
நாற்பதாயிரம்.
வீட்டில் ஒரு வளையலும்
தையல் மெஷினும் குறைந்தன.

எனக்குத் துரு என்றால் நோய்.
அன்று வெள்ளிக்கிழமை வேறு.
குத்துவிளக்கோடு சேர்த்து அதையும்
புளி போட்டுத் தேய்த்தேன்,
தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன்,
போகாத இடத்தில் உப்புத்தாள்.
என்ன ஒரு பளபளப்பு!

படமெடுத்து ஒசாக்காவில் ஒருவருக்கு அனுப்பினேன்.
நான்கு நாள் கழித்து வந்தது பதில்.
தேய்ப்பதற்கு முன் எடுத்த படம்
ஏதாவது இருக்கிறதா
என்று மட்டும் கேட்டிருந்தார்.

அந்தக் கறுப்புதான் வயது.
அதற்குள்தான் பெயர் இருந்தது.
இருநூறா நானூறா,
இனி யாருக்கும் சொல்ல வழியில்லை.
இத்தனை கைகள் தொடாமல் விட்டுவைத்ததை
இட்லி வேகும் நேரத்தில்
நான் சுத்தமாக்கிவிட்டேன்.

மெஷின் எண்ணெயில் கிராம்புத் தைலம் ஒரு துளி,
மாதம் ஒருமுறை, அலகுக்கு மட்டும்.
அன்று வீடெல்லாம் பல்வலி வாசம்.
மதாமை இருதய ஆண்டவர் கோயில் வாசலில் பார்த்தால்
"வாள் சௌக்கியமா?" என்பார்.
சௌக்கியம் என்பேன்.

சரி, நீங்கள் பார்க்கப்போவது எங்கே,
கடலூர் முதுநகரா?
லைசென்ஸ் பற்றி ஸ்டேஷனில் கேட்டுவிட்டீர்களா?
இந்த மாதம் வெறும் புத்தகம் வாங்கினால்
உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.
கேட்கமாட்டீர்கள், தெரியும்.
நானும் பஸ் ஏறுகிறேன்.
பணம் உங்களிடமே இருக்கட்டும்.
ஆணியை நான் தட்டுகிறேன்.
காம்பு வெளியே வரும்போது மட்டும்
என் இரண்டு கையையும்
பிடித்துக்கொள்ளுங்கள்.