மூன்று நாள் கழித்து வாங்க

மெஷின் சொன்னது:
தைரொயிட் தறிகெட்டு ஓடுது.
கதிரையில் இருந்த ஜெயவதனிக்கோ
கை நடுங்கவில்லை.
நாடி எழுபத்தியொன்று.
பார் வீதி வெயிலில் நடந்து வந்து
ஃபேனுக்குக் கீழே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

ரிப்போட்டைக் கொடுக்காமல்
அவள் உச்சியைப் பார்த்தேன்.
வகிடு அகன்றிருந்தது.
"முடிக்கு ஏதும் குளிசை போடுறீங்களா?"

கைப்பையைத் திறந்தாள்.
பயோட்டின், பத்தாயிரம் மைக்ரோகிராம்.
கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பியதாம்.

உடம்பு கேட்பது நாளுக்கு முப்பதுதான்.
அவித்த முட்டையில் கொஞ்சம்,
வாவி மீனில் கொஞ்சம்,
கல்லடிப் பாலத்தடியில்
பேப்பர்ச் சுருளில் வாங்கும் கச்சானில் கொஞ்சம்,
யாரும் எண்ணாமலே வந்து சேரும்.

மிச்சம்?
இரத்தத்தில் அலைந்து திரிந்து
சிறுநீரோடு போகும்.
அந்த அலைச்சலில்தான்
நான் வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில்
இது போய்க் கொளுவிக்கொண்டது.
நோய் அவளுக்கில்லை,
என் கணக்குக்கு.

"அப்ப முடி?"

பிள்ளைக்கு ஐந்து மாதம் என்றாள்.
கொட்டுகிற மாதம்தான், தானாய் நிற்கும் என்றேன்.
நம்பின மாதிரித் தெரியவில்லை.
"குளிசையை நிப்பாட்டிப்போட்டு
மூன்று நாள் கழித்து வாங்க."

வெள்ளிக்கிழமை வந்தாள்.
எல்லாம் அளவாய் இருந்தது.
டொக்டர் எழுத இருந்த மருந்து
பேனைக்குள்ளேயே நின்றுவிட்டது.

போத்தல் மட்டும் இன்னும் பைக்குள் கிலுங்கியது.
"எறியேல்லையா?"

"ஓவர்டைம் செஞ்ச காசில வாங்கினது, மிஸ்.
மச்சான் கேட்டா
போடுறன் எண்டுதான் சொல்லுவன்."