சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள்

"வேறென்ன பார்க்கலாம் இந்த ஊரில்?"
சீட்டைக் கிழித்து நீட்டுவதற்குள் கேட்டுவிடுகிறார்கள்.
நான் சுற்றுலா அலுவலகம் இல்லை.
த்ரியெஸ்தே நகரத்தில், கலங்கரை விளக்கத்தின் காலடியில்
குளிக்கிற துறைக்குக் கதவு காக்கிறவள்.
ஆனாலும் சொல்வேன்.

கோட்டையைப் பாருங்கள், எல்லோரும் பார்க்கிறார்கள்.
வெள்ளையாக, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்.
உள்ளே ராஜா வீட்டுக் கட்டில்கள்.
ஒன்றிலாவது யாரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள் என்று
எனக்குத் தோன்றவில்லை.

காப்பி குடியுங்கள், கேட்கத் தெரிந்து கேளுங்கள்.
'கறுப்பு' என்றால் ஒன்று
'காப்போ' என்றால் ஒன்று
கண்ணாடி டம்ளரில் 'காப்போ' என்றால் அது வேறு.
தப்பாகக் கேட்டால் திருத்த மாட்டார்கள்,
தப்பாகவே கொடுப்பார்கள்.

போரா என்று ஒரு காற்று.
கடனைத் திருப்பிக் கேட்க வந்தவன் போல
கதவைத் தட்டாமல் மலையிறங்கி வரும்.
அன்றைக்குக் குடை வாங்காதீர்கள்.
குப்பைத் தொட்டிகளில் செத்த வௌவால்களாய்த் தொங்கும்
குடைகளை எண்ணுங்கள்:
போன பிப்ரவரியில், என் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை
நாற்பத்தொன்று.

சரி, இங்கே வந்துவிட்டீர்கள்.
சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள், குழந்தைகள்.
அந்தப் பக்கம் ஆண்கள்.
வெள்ளையடித்த சுவர்,
கூழாங்கற்களைத் தாண்டிக் கடலுக்குள்ளும் கொஞ்சம் போகும்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
இடித்தால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு
ஸோர்க்கா துடைப்பத்தோடு எழுந்து நின்றாள்.
பன்னிரண்டரைக்கு அவளே கத்துவாள்:
"துலியோ! தக்காளி உன் பையிலா, என் பையிலா?"
அந்தப் பக்கமிருந்து பதில் வரும்.
சில நாள் தக்காளியே வரும்.

போன செவ்வாய்க்கிழமை க்ராட்ஸிலிருந்து ஒரு ஜோடி.
வழி தவறி வந்திருந்தார்கள்,
தவறியது யாரால் என்பது இன்னும் முடிவாகவில்லை.
சுவரைப் பற்றிச் சொன்னேன்.
"இரண்டு சீட்டு, தனித்தனியாக" என்றாள் அவள்
நான் விலை சொல்வதற்கு முன்பே.

மூன்று மணிநேரம் மல்லாந்து கிடந்தாள்.
ஸோர்க்காவின் அத்திப்பழங்களைத் தின்றாள்.
ஒரு வார்த்தை புரியாமல் சீட்டாட்டத்தில் எங்களை ஜெயித்தாள்.
சுவருக்கு அப்பாலிருந்து "ரெனாட்டே" என்று ஒரு குரல்,
கொஞ்ச நேரம் கழித்து "ரெனாட்டே?"
அவள் உதட்டில் விரல் வைத்தாள்.
இருபத்தேழு பெண்கள்.
கைக்குழந்தைகூட இருமவில்லை.

அப்புறம், வெயிலுக்குப் பூசுகிற களிம்பு ஒரு குப்பி
சுவருக்கு மேலே எழும்பி
ஒரு கணம் யோசித்து
யார் தலையிலும் படாமல் விழுந்தது.
எடுத்து, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தாள்.
"என் முதுகு சீக்கிரம் எரியும்" என்றாள்,
எனக்குத் தெரிந்த ஜெர்மனுக்கு அவ்வளவுதான் எட்டியது.
போய்விடுவாள் என்று நினைத்தேன்.
திரும்பிப் படுத்தாள்,
ஸோர்க்கா தடவிவிட்டாள்.
ஐந்து மணிவரை இருந்தாள்.

நீந்தத் தெரிந்தால்
சுவர் முடிகிற இடத்தையும் தாண்டிப் போகலாம்.
மிதவைக்குப் பக்கத்தில் இரண்டு கரையும் தெரியும்.
சிலர் அங்கே சந்தித்துப் பேசிக்கொள்வதுண்டு,
கழுத்தளவுத் தண்ணீரில் நீண்ட சண்டை போட முடியாது.

வேறென்ன.
கல் சுடும், செருப்பைக் கழற்றாதீர்கள்.
ஆறரைக்குக் கதவைச் சாத்துவேன்.